பாலைவனத்துக்கு ஒரு நூலகம்: நிழல் முதலில், புத்தகம் அடுத்து

சிவில் மூன்றாம் ஆண்டு மாணவி



ஆண்டு மலர் என்றால் கவிதைதான் நிறைய வரும். நம்ம டிபார்ட்மெண்ட் சார்பாகக் கணக்கோடு ஒரு கட்டுரை இருக்கட்டுமே என்று இதை எழுதுகிறேன். பயப்பட வேண்டாம். கணக்கு கொஞ்சம்தான், முதலாண்டு டேன் டேபிள் தெரிந்தால் போதும்.

டிராயிங் ஹாலில் "பொது நூலகம்" வரையச் சொன்னால் நாம் எல்லோரும் ஒரே பிளானைத்தான் வரைகிறோம். முன்னால் ஒரு போர்டிகோ, எலிவேஷன் முழுக்கக் கண்ணாடி, நடுவில் ரேக், ஓரத்தில் மேஜை. ஊர் எதுவானாலும் டிராயிங் ஷீட் மாறுவதில்லை. அதனால் கட்டிடத்தை அப்படியே தூக்கி ஒரு பாலைவன கிராமத்தில் வைத்துப் பார்ப்போம். என்னென்ன மாற வேண்டும், ஏன் மாற வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போனால், நம்ம வண்டலூருக்கு எப்படிக் கட்ட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

1. முதலில் ஊரைத் தெரிந்துகொள்வோம்

ஐந்திணையில் பாலை உண்டு. ஆனால் அது காய்ந்துபோன முல்லையும் குறிஞ்சியும்தான் என்று பள்ளியிலேயே படித்தோம். மணல் குன்றும் அனல் காற்றுமாக இருக்கிற நிஜப் பாலைவனத்துக்கு நாம் ராஜஸ்தான் போக வேண்டும். தார் பாலைவனத்தில் ஜெய்சால்மர் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம்.

அங்கே மே மாதப் பகலில் 42 டிகிரி என்பது சாதாரணம். பக்கத்து ஊரான பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது. ஆனால் இரவில் வெப்பம் மளமளவென்று இறங்கும். பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரி வரை வித்தியாசம் வரும். ஜனவரி இரவில் 10 டிகிரிக்குக் கீழே போய்ப் போர்வை தேடவைக்கும். ஓராண்டு மழை சுமார் 200 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. சென்னைக்கு 1,400 மில்லிமீட்டர் அளவில் பெய்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். கோடையில் தென்மேற்கிலிருந்து புழுதிக் காற்று அடிக்கும்.

தேசியக் கட்டிட விதித்தொகுப்பு இந்தியாவை ஐந்து தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரிக்கிறது. ஜெய்சால்மர் "வெப்பமும் வறட்சியும்" என்ற மண்டலம். நாம் "வெதுவெதுப்பும் ஈரப்பதமும்" என்ற மண்டலம். வெயில் இரண்டு ஊரிலும் உண்டு, காற்றுதான் வேறு. இந்த ஒரு வேறுபாடுதான் கட்டுரை முழுக்கத் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

2. கட்டிடத்துக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

வீடு என்றால் மனிதருக்கு மட்டும் வசதி பார்த்தால் போதும். நூலகத்துக்கு இரண்டு பேர் குடிவருகிறார்கள்: மனிதர், புத்தகம். இருவருக்கும் தேவை ஒன்றல்ல.

மனிதருக்கு வெளிச்சம் வேண்டும், காற்று வேண்டும், ஜன்னல் பக்கம் உட்கார வேண்டும். புத்தகத்துக்கு வெயில் ஆகாது, தாள் மஞ்சளாகி நொறுங்கும். ஈரம் அதிகமானால் பூஞ்சை, குறைந்தால் மொரமொரப்பு. வெப்பமும் ஈரமும் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதுதான் அதற்குப் பெரிய எதிரி. ஆக, மனிதர் இருக்க வேண்டிய இடம் கட்டிடத்தின் ஓரம், புத்தகம் இருக்க வேண்டிய இடம் கட்டிடத்தின் வயிறு.

இதை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஜெய்சால்மர் கோட்டைக்குள் உள்ள சமணக் கோயிலின் நிலவறையில் 15-ஆம் நூற்றாண்டில் ஜினபத்ர சூரி என்ற ஆச்சாரியார் அமைத்த சுவடி நூலகம் இருக்கிறது. ஞான பண்டாரம் என்று பெயர். 1874-ல் ஜெர்மன் அறிஞர் ஜார்ஜ் பூலர் தேடிப்போய்ப் பார்த்த இடம் அது. அங்கே உள்ளவற்றில் பனையோலைச் சுவடிகள் பல. பல நூற்றாண்டு வயதானவை. நம்ம ஊர் ஓலைச்சுவடிகளோ கரையானுக்கும் ஈரத்துக்கும் தப்ப முடியாமல், தலைமுறைக்கு ஒருமுறை புது ஓலையில் பெயர்த்து எழுதப்பட்டு வந்தவை. ஓலை ஒன்றுதான். ஒன்று வறண்ட ஊரில், வெயில் படாத அறையில், வெப்பம் ஏறி இறங்காத இடத்தில் இருந்தது. இன்னொன்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

3. சூரியனோடு ஒரு கணக்கு

இப்போது ஜன்னலுக்கு வருவோம். நண்பகலில் சூரியன் வானில் எவ்வளவு உயரத்தில் இருக்கும்? 90 டிகிரியிலிருந்து ஊரின் அட்சரேகையைக் கழித்து, அன்றைய சூரியச் சாய்வைக் கூட்ட வேண்டும். சாய்வு மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் பூஜ்யம், ஜூன் 21-ல் 23.5, டிசம்பர் 22-ல் கழித்தல் 23.5.

ஜெய்சால்மர் அட்சரேகை 26.9. ஆகவே மார்ச்சில் 63.1 டிகிரி, ஜூனில் 86.6 டிகிரி, டிசம்பரில் 39.6 டிகிரி. மூன்றுமே தெற்குப் பக்கம்தான்.

4 அடி உயரத் தெற்கு ஜன்னலுக்கு எத்தனை அடி சன்ஷேட் நீட்ட வேண்டும்? ஜன்னல் உயரத்தை அந்தக் கோணத்தின் டேன் மதிப்பால் வகுக்க வேண்டும். 4 ÷ 1.97 = 2.03. ஆக 2 அடி. இந்த 2 அடி சன்ஷேட் மார்ச் முதல் செப்டம்பர் வரை நண்பகல் வெயிலை உள்ளே விடாது. டிசம்பரில் சூரியன் தாழ்ந்திருப்பதால் ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மேல் வெயில் விழும். அங்கே குளிர்காலம் உண்மையிலேயே குளிர்காலம், படிக்க வருகிறவருக்கு அந்த வெயில் சுகமாக இருக்கும். ஒரே சன்ஷேட் கோடைக்குக் குடை, குளிருக்குக் கதவு.

இதே கணக்கை வண்டலூருக்குப் போடுங்கள். அட்சரேகை 12.9. டிசம்பரில் 53.6 டிகிரி. நமக்கு எந்த மாதமும் வெயில் உள்ளே வேண்டாம், அதனால் டிசம்பர் கணக்கையே எடுக்க வேண்டும்: 4 ÷ 1.36 = 2.94, அதாவது 3 அடி. நாம் வழக்கமாக வரைகிற ஒன்றரை அடி சன்ஷேட் மழைத் தூறலுக்குத்தான் சரி.

இன்னொரு விஷயம். "வடக்கு ஜன்னலுக்கு வெயில் வராது" என்று மனப்பாடமாகச் சொல்வோம். ஜெய்சால்மர் கடகரேகைக்கு வடக்கே இருப்பதால் அங்கே நண்பகல் வெயில் வடக்கு ஜன்னலில் விழவே விழாது. நம்ம ஊரிலோ சுமார் ஏப்ரல் 24 முதல் ஆகஸ்ட் 18 வரை நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது! நாம் வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேட் போட்டே ஆக வேண்டும்.

கிழக்கு, மேற்கு? காலையும் மாலையும் சூரியன் தாழ்ந்து நேராக அடிக்கும். எந்த சன்ஷேட்டும் அதைத் தடுக்காது. இரண்டு ஊருக்கும் பொதுவான விதி: கட்டிடத்தின் நீளம் கிழக்கு மேற்காக, ஜன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும்.

4. சுவர் என்பது தாமதம்

எங்க வீட்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பதினோரு மணிக்கெல்லாம் உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும். ஆனால் ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குள் ஆறிவிடும். எதிர் வீடு கான்கிரீட் மொட்டை மாடி. பகலில் பரவாயில்லை, ராத்திரி பூராவும் தளம் சூட்டைக் கக்கும், அவர்கள் பாயை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பாடம் புரிகிறது. கனமான பொருள் வெப்பத்தைத் தடுப்பதில்லை, தாமதப்படுத்துகிறது.

ஒன்றரை அடிக் கல்சுவரின் வெளிப்பக்கம் பட்ட வெயில் உள்ளே வந்து சேர ஏறத்தாழ அரை நாள் ஆகும். பகல் இரண்டு மணி வெயில் உள்பக்கம் தெரியும்போது நள்ளிரவு. பாலைவனத்தில் அந்த நேரம் வெளியே குளிர்ந்திருக்கும், ஜன்னலைத் திறந்துவிட்டால் போயிற்று. நூலகத்துக்கு இது இன்னும் பொருத்தம், ராத்திரி அங்கே யாரும் படுக்கப் போவதில்லை. நம்ம ஊரில் இரவும் புழுக்கம், வெளியேயும் குளிர்ச்சி இல்லை. அதனால் தடித்த சுவர் நமக்கு அந்த அளவு உதவாது. நமக்கு வேண்டியது எதிரெதிர் ஜன்னல், உயரமான கூரை, ஆழமான தாழ்வாரம், வெயிலைத் திருப்பி அடிக்கிற வெள்ளைக் கூலிங் டைல்ஸ்.

தாமதத்தை இன்னும் அதிகமாக்க முடியுமா? முடியும், மண்ணுக்குள் போனால். சுமார் 4 மீட்டர் ஆழத்துக்குக் கீழே மண்ணின் வெப்பநிலை அந்த ஊரின் ஆண்டு சராசரியை ஒட்டியே நிற்கும். மேலே 42 இருந்தாலும் கீழே 27 அளவில்தான் இருக்கும். ஜெய்சால்மர் மாவட்டத்தில் பொக்ரான் பக்கம் பாதரியா என்று ஒரு கிராமம். அங்கே கோயிலை ஒட்டி நிலத்துக்கு அடியிலேயே ஒரு பெரிய நூலகம் கட்டியிருக்கிறார்கள். பாதரியா மகராஜ் என்று மக்கள் அழைத்த ஹர்வன்ஷ் சிங் நிர்மல் என்ற துறவி தொடங்கியது. பல லட்சம் புத்தகம் சேர்த்த இடம். நகரத்திலிருந்து தள்ளி, மணல் நடுவில் இத்தனை புத்தகம் இருப்பதே ஆச்சரியம். அவை தரைக்குக் கீழே குளிர்ச்சியாக இருப்பது நல்ல பொறியியல்.

5. நவீன உதாரணமும் அதன் விபத்தும்

"இதெல்லாம் பழைய காலத்து முறை, மாடர்ன் பில்டிங்கில் நடக்குமா?" என்று கேட்கலாம். அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில் உள்ள பீனிக்ஸ் நகரின் மைய நூலகம் 1995-ல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் வில் புரூடர். ஐந்து மாடி. நாம் மேலே போட்ட கணக்கையே அவரும் போட்டிருக்கிறார் என்று பார்த்தவுடன் தெரியும். கிழக்கிலும் மேற்கிலும் ஜன்னல் கிடையாது. அந்தப் பக்கங்களில் படிக்கட்டு, கழிப்பறை, குழாய்களையெல்லாம் வைத்துச் செம்புத் தகடு போர்த்திவிட்டார். கண்ணாடி முழுக்க வடக்கிலும் தெற்கிலும்தான். தெற்கில் சூரியனுக்கேற்ப அசையும் தகட்டுச் சட்டங்கள், வடக்கில் கோடைக் காலை மாலை வெயிலை மறைக்கப் பாய்மரம் போலத் துணித் தட்டிகள். கண்ணாடி கெட்டதல்ல, கண்ணாடியை எந்தத் திசையில் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம்.

அந்த நூலகத்துக்கு ஆபத்து வெயிலால் வரவில்லை. 2017 ஜூலையில் அடித்த புயல் மழையில் கூரை அசைந்து, தீயணைப்புக் குழாய் உடைந்து, தண்ணீர் மாடி மாடியாக இறங்கியது. ஓராண்டுக்குக் கொஞ்சம் குறைவாக மூடிக்கிடந்து, 2018 ஜூனில்தான் மீண்டும் திறந்தார்கள்.

நம்ம நாட்டிலும் பாடம் உண்டு. ஜெய்சால்மருக்கு அடுத்த பார்மேர் மாவட்டத்தில் 2006 ஆகஸ்டில் ஓராண்டு மழையைவிட அதிகமான மழை சில நாட்களிலேயே கொட்டியது. கவாஸ் என்ற கிராமம் மூழ்கியது. மண்ணுக்கடியில் ஜிப்சம் படிவம் இருந்ததால் தண்ணீர் உள்ளே இறங்க முடியாமல் மாதக்கணக்கில் தேங்கி நின்றது. பாலைவனத்தில் வெள்ளம் வராது என்று நினைத்து நிலவறை தோண்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்து, முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளில் தண்ணீர் ஏறியதைப் பார்த்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்ததுதான் முதலில் போனது.

ஆகவே மழை குறைவான ஊர் என்றாலும் வடிகாலைக் குறைக்கக் கூடாது. நிலவறை வேண்டுமானால் மண் பரிசோதனை செய்து, மேட்டு நிலம் பார்த்துத்தான் தோண்ட வேண்டும். என் டிசைனில் நான் நிலவறையே வைக்கவில்லை. மேற்குச் சுவரை ஒட்டி வெளிப்பக்கம் மண்ணைக் குவித்துச் சரிவாக அணை கொடுத்திருக்கிறேன். புத்தக அறையைக் கட்டிடத்தின் நடுவில் வைத்து, அதன் எந்தச் சுவரும் வெளிவெயிலைப் பார்க்காதபடி செய்திருக்கிறேன். பூமிக்குள் போகாமலே பூமியின் குணத்தில் கொஞ்சம் கிடைத்துவிடும்.

6. காற்றும் புழுதியும்

பாலைவனக் காற்று வறண்டது. வறண்ட காற்று ஈரத்தைக் கடந்து வந்தால் நன்றாகக் குளிரும். வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்துக் கட்டினால் அதுவே ஏ.சி. ஏர் கூலர் வேலை செய்வதும் இதே விதத்தில்தான். நம்ம ஊரில் காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் கூலர் வாங்கியவர்கள் ஒரே மாதத்தில் அதன்மேல் துணி காயப்போடுகிறார்கள்.

ஆனால் இந்த ஈரக்காற்று வாசிப்பறைக்கு மட்டும்தான். புத்தக அறைக்குள் விடக்கூடாது. இரண்டுக்கும் நடுவே கதவு வேண்டும்.

புழுதிக்கு என்ன செய்வது? தென்மேற்குப் பக்கம் திறப்பே வேண்டாம். வாசல் வடகிழக்கில். வாசலிலிருந்து நேராக உள்ளே போகாமல் ஒரு திருப்பம் திரும்பிப் போகிற மாதிரி நடை வைத்தால் காற்று அங்கேயே வேகம் இழந்து மணலைக் கொட்டிவிடும். ஜன்னலுக்கு உள்ளூர்க் கல்லில் ஜாலி. ஜெய்சால்மர் மாளிகைகளில் இதன் வேலைப்பாட்டைப் பார்க்கலாம். வெயில் துண்டு துண்டாகி வெளிச்சமாக மட்டும் உள்ளே வரும்.

7. பாரம்

புத்தகம் கையில் லேசு, ரேக்கில் ஏறினால் கனம். ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதிப்படி வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன் பாரம் எடுக்கிறோம். புத்தகக் கிடங்குக்கு 2.2 மீட்டர் உயரம் வரை 6 கிலோ நியூட்டன், அதற்குமேல் ஒவ்வொரு மீட்டருக்கும் 2 கூட்ட வேண்டும். வீட்டைவிட மூன்று மடங்கு! இருக்கிற வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து நூலகம் வைப்பது எவ்வளவு ஆபத்து என்பது இதிலேயே தெரிகிறது.

என் புத்தக அறை 8 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 40 சதுர மீட்டர். 40 × 6 = 240 கிலோ நியூட்டன், சுமார் 24 டன். இதைத் தரைத்தளத்திலேயே வைத்தால் பீமும் வேண்டாம், ஸ்லாபும் வேண்டாம், நேராக மண் தாங்கிக்கொள்ளும்.

அறையில் 4 மீட்டர் நீள இருபக்க ரேக் ஐந்து, ஒவ்வொன்றிலும் ஆறு தட்டு என்றால் 5 × 4 × 6 × 2 = 240 மீட்டர் தட்டு. மீட்டருக்கு 30 புத்தகம் என்று வைத்துக்கொண்டால் 7,200 புத்தகம். ஒரு கிராமத்துக்குத் தொடக்கத்தில் இது தாராளம். பிறகு வளரும். நூலகம் வளர்ந்துகொண்டே போகிற உயிர் என்பதை 1931-லேயே விதியாக எழுதியவர் நம்ம சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன். அதனால் கிழக்குப் பக்கம் விரிவாக்கத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.

8. யார் கட்டுவது?

எங்க அப்பா கொத்தனார். ஒன்றரை அடிச் சுவர் என்றதும், "ஏம்மா, இந்தக் காலத்துல எவன் அவ்ளோ கல்லு செலவு பண்ணுவான்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். வண்டலூரில் அந்தச் சுவர் வீண்செலவுதான். ஜெய்சால்மரில் மஞ்சள் மணற்கல் அந்த ஊர் மண்ணிலேயே கிடைக்கிறது, அதைச் செதுக்குகிற கைகளும் அந்த ஊரிலேயே இருக்கின்றன. சிமெண்டும் கம்பியும்தான் தூரத்திலிருந்து வர வேண்டும்.

இதற்கு உதாரணம் ஜெய்சால்மர் அருகே கனோய் கிராமத்தில் கட்டப்பட்ட ராஜகுமாரி ரத்னாவதி பெண்கள் பள்ளி. நியூயார்க்கைச் சேர்ந்த டயானா கெல்லாக் வடிவமைத்தார். முட்டை வடிவத்தில், நடுவே முற்றத்தோடு, முழுக்க உள்ளூர் மணற்கல்லால் ஆனது. உள்சுவரில் சுண்ணாம்புப் பூச்சு, மொட்டை மாடியில் சோலார் பலகை, மழைநீர்ச் சேகரிப்பு. பக்கத்திலேயே நூலகத்தோடு கூடிய ஒரு கட்டிடமும் அதன் மூலத் திட்டத்தில் உண்டு. எனக்கு அதில் பிடித்தது வடிவத்தைவிட இன்னொன்று. கல்லைச் செதுக்கியவர்களில் பலர் அங்கே படிக்கப்போகும் பெண்பிள்ளைகளின் அப்பாக்கள். இதை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்தச் சுவத்துல தூக்குக்குண்டு தப்பவே தப்பாது" என்றார்.

9. படிக்கத் தெரியாதவர்களுக்கும் நூலகம்

இதுதான் கட்டுரையின் முக்கியமான பகுதி. 2011 கணக்கெடுப்பில் ஜெய்சால்மர் மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் 39.71 சதவீதம். தமிழ்நாட்டில் அது 73.44. அதாவது அந்த ஊரில் நாம் கட்டும் நூலகத்துக்கு வெளியே, வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கப்போகிறவர்கள்தான் அதிகம்.

எங்க அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர். கையெழுத்து மட்டும் போடக் கற்றுக்கொண்டார். நான் நூலகத்தில் படிக்கும்போது சில நாள் கூட வருவார். உள்ளே வாம்மா என்றால், "எனக்கெதுக்குடி, நான் என்னத்தப் படிக்கப்போறேன், நீ போ" என்று வெளிப்படியில் நிழல் பார்த்து உட்கார்ந்துகொள்வார். உள்ளே ஃபேன் ஓடுகிறது, காலி நாற்காலி இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இருக்கிறது. யாரும் அவரைத் தடுக்கவில்லை. கட்டிடமே தடுக்கிறது. வாசலிலேயே மேஜை, கையெழுத்து நோட்டு, "அமைதி காக்கவும்" பலகை என்று இருந்தால், படிக்காதவர்கள் எதைச் சாக்காக வைத்து உள்ளே வருவார்கள்?

பாலைவனத்தில் அந்தச் சாக்கு தயாராகவே இருக்கிறது: நிழலும் தண்ணீரும். ஊரிலேயே குளிர்ச்சியான இடம் நூலகத் தாழ்வாரம் என்று ஆகிவிட்டால் எல்லோரும் வருவார்கள். ஆடு மேய்ப்பவர் வருவார், தண்ணீர் எடுக்கும் பெண்கள் வருவார்கள். பிள்ளை உள்ளே படிக்கும் சத்தம் தாழ்வாரத்தில் கேட்க வேண்டும். ஒருவர் செய்தித்தாளை உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்க வேண்டும். தார் பகுதியில் தலைமுறையாகப் பாடுகிற மாங்கணியார் கலைஞர்கள் அங்கே உட்கார்ந்து பாட வேண்டும். அந்தப் பாட்டும் ஒரு நூலகம்தானே?

தண்ணீருக்கும் கணக்கு போட்டேன். கூரை 20 மீட்டருக்கு 14 மீட்டர், 280 சதுர மீட்டர். மழை குறைவான ஆண்டு என்று 150 மில்லிமீட்டர் மட்டும் எடுத்து, வீணாவது போக 80 சதவீதம் என்றால் 280 × 0.15 × 0.8 = 33.6 கன மீட்டர், அதாவது 33,600 லிட்டர். அந்த ஊர்க்காரர்கள் டாங்கா என்று சொல்லும் நிலத்தடித் தொட்டியில் சேமித்தால், நாளைக்கு 100 லிட்டர் வீதம் 336 நாள் குடிக்க வரும். கிட்டத்தட்ட ஒரு வருஷம்! நூலகக் கூரை ஊருக்குத் தண்ணீர்ப்பந்தல் ஆகிவிடுகிறது.

எல்லோரும் வர முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. தார் பகுதியில் வீடுகள் நான்கு இங்கே, ஐந்து அங்கே என்று டாணி டாணியாகச் சிதறியிருக்கும். 1931-ல் மன்னார்குடியில் மேலவாசல் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். 1996-ல் கென்யாவின் காரிஸ்ஸாவில் ஒட்டகத்தின்மேல் பெட்டி கட்டி நூலகம் நடத்தத் தொடங்கினார்கள். நம்ம பிளானிலும் புத்தகப் பெட்டி ஏற்றி இறக்க ஒரு மேடை வேண்டும். வண்டியோ ஒட்டகமோ, எது கிடைக்கிறதோ அது வந்து நிற்கட்டும்.

10. பிளான் சுருக்கம்

1. அளவு 20 × 14 மீட்டர். நீளம் கிழக்கு மேற்காக. ஒரே தளம்.
2. பேஸ்மெண்ட் உயரம் தரையிலிருந்து 90 சென்டிமீட்டர். சுற்றிலும் வடிகால். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம்.
3. வடக்கில் முழு நீளத்துக்கும் தாழ்வாரம். குடிதண்ணீர், திண்ணை, செய்தித்தாள். இங்கே கையெழுத்து நோட்டு கிடையாது.
4. வடகிழக்கில் திருப்ப நடையோடு வாசல்.
5. வடக்கிலும் தெற்கிலும் வாசிப்பறை. தெற்கு ஜன்னலுக்கு 2 அடி சன்ஷேட், கல் ஜாலி.
6. நடுவில் புத்தக அறை, 40 சதுர மீட்டர், வெளிச்சுவர் இல்லை.
7. மேற்கில் கழிப்பறை, சாமான் அறை. அதற்கு வெளியே மண் அணை. மண் படும் சுவருக்கு நீர்த்தடுப்புப் பூச்சு கட்டாயம்.
8. கிழக்கில் புத்தகப் பெட்டி மேடை, விரிவாக்க இடம்.
9. கூரைமேல் வெள்ளை ஓடு. அதன்மேல் உயர்த்திய சோலார் பலகைகள், அவை மின்சாரமும் தரும், தளத்துக்கு நிழலும் தரும்.

முடிவுரை

தோழர்களே, இந்தப் பிளானை அப்படியே வண்டலூருக்கு வரையாதீர்கள், வேகாது. தடித்த சுவர், திருப்ப நடை, கூலர் எல்லாம் அந்த ஊருக்கு. நமக்கு 3 அடி சன்ஷேட், வடக்கிலும் நிழல், எதிரெதிர் காற்று, வெள்ளத்துக்கு மேலே தளம். ஆனால் கேட்ட கேள்விகள் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். வெயில் எங்கிருந்து வருகிறது? காற்று எப்படிப்பட்டது? தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? உள்ளே வரக் கூச்சப்படுகிறவர் யார்?

நம்மில் பலருக்கு வீட்டில் படிக்கத் தனி அறை கிடையாது. கட்டணம் கேட்காமல் மேஜையும் விளக்கும் தருகிற இடம் ஊரில் ஒன்றே ஒன்று, அது பொது நூலகம். நம்ம மாநிலத்தில் 1948-லேயே சட்டம் போட்டு, வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்கி நடத்துகிற சொத்து அது. நாளைக்கு நாம் சைட் இன்ஜினியராகவோ டிராஃப்ட்ஸ்மேனாகவோ போகும்போது எங்கேயாவது ஒரு சின்னக் கிளை நூலகத்தின் டிராயிங் நம் மேஜைக்கு வரும். அன்றைக்கு எலிவேஷனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் வட திசையைக் குறியுங்கள், பிறகு நிழல் விழும் இடத்தில் ஒரு திண்ணை வரையுங்கள். புத்தகம் அதற்குப் பின்னால் தானாக வந்து சேரும்.